பனி குறைந்தால் சீல்களுக்கு நல்லதுதானே? – துருவக் கடல் சீல்களின் முக்குளிப்பு பற்றி ஒரு விவாத இழை

11 பிப்ரவரி 2024 – வாசகர் கேள்வி

அண்டார்க்டிகாவில் சென்ற ஆண்டு கடற்பனி மிகவும் குறைந்துவிட்டதாகச் செய்திகளில் படித்தேன். சீல்கள் நுரையீரல் நிறையக் காற்றை நிரப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் வரை நீருக்குள் இருக்கக்கூடியவை. பனிக்கடியில் அவற்றுக்கு உள்ள ஒரே ஆபத்து மூச்சுவிடத் துளை அகப்படாமல் போவதுதான். பனி குறைந்தால் அந்த ஆபத்தும் நீங்கிவிடுமே? அப்படியானால் பென்குயின்களுக்காகக் கவலைப்படுவது போலச் சீல்களுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்று கொள்ளலாமா?

11 பிப்ரவரி, இரவு

கேள்விக்குள் மூன்று கூற்றுகள் அடங்கியிருக்கின்றன: சீல் காற்றை நுரையீரலில் சேமிக்கிறது, சீல் இரண்டு மணி நேரம் மூச்சடக்கும், பனி என்பது சீலின் தலைக்கு மேலே போட்ட மூடி. மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் கடைசிக் கேள்விக்கு வர முடியும். இன்று முதல் கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆழமாக முக்குளிக்கும் சீல்கள் பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் இறங்குகின்றன. அண்டார்க்டிகாவின் கரையோரப் பனியில் வாழும் வெடெல் சீலின் உடலில் உள்ள ஆக்சிஜனில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே நுரையீரலில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்திலும் மீதி தசையிலும் இருக்கின்றன. அதன் தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் மனிதத் தசையில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு செறிந்திருப்பதால் இறைச்சியே கறுப்பாகத் தெரியும். மண்ணீரல் இன்னொரு கிடங்கு. வாரன் ஸாபோல் தலைமையிலான மருத்துவக் குழுவினர் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ விரிகுடாவில், சுதந்திரமாக முக்குளிக்கும் சீலின் முதுகில் நுண்கணினி பொருத்திய கருவியைக் கட்டி, நீருக்கடியிலேயே இரத்த மாதிரிகளை எடுத்தார்கள். முக்குளிப்பின் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் இரத்தத்தில் ஹீமோகுளோபின் செறிவு நன்றாக உயர்வதை அவர்கள் கண்டார்கள். சுருங்கும் மண்ணீரல் தன்னிடமிருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டுவதே அதற்குக் காரணம்.

நுரையீரலில் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்குவது சீலுக்கு இரண்டு வகையில் கெடுதல். காற்று உடலை மேலே தள்ளுவதால் இறங்குவதற்கு அதிக உழைப்பு வேண்டும். அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்தால் மேலே வரும்போது மனித முக்குளிப்பாளர்களுக்கு நேரும் அதே நோய் நேரும். வெடெல் சீலின் நுரையீரல் ஏறத்தாழ 25 முதல் 50 மீட்டர் ஆழத்திலேயே சுருங்கி மூடிக்கொள்வதால் அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் போனாலும் புதிதாக நைட்ரஜன் உள்ளே போவதில்லை.

13 பிப்ரவரி

இரண்டாவது கூற்று. இரண்டு மணி நேரம் என்ற எண் உண்மையானது. ஆனால் அது தென்துருவ யானைச்சீலுக்கு உரியது, அதுவும் அதன் உச்சப் பதிவு. அந்த இனம் 2,000 மீட்டருக்கும் கீழே இறங்கியதும் பதிவாகியிருக்கிறது. செய்தித்தாள்களுக்கு இந்த எண்கள் மிகவும் பிடித்துப்போய்விட்டன. ஒரு விலங்கின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உச்சப் பதிவைப் போல உதவாத எண் வேறில்லை என்பது என் கருத்து. அது அன்றாடம் எந்த ஆழத்துக்குப் போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதற்காகப் போகிறது என்பவைதான் கேட்க வேண்டியவை.

இந்தக் கேள்விகளை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் ஜெரால்டு கூய்மன். அவருக்கு முன் பெர் ஷோலாண்டர் போன்றவர்கள் 1930களிலேயே சீல்களின் உடலியலை ஆராய்ந்திருந்தாலும், சீலைப் பலகையில் கட்டி நீரில் அமிழ்த்திச் செய்த சோதனைகளே அவற்றில் மிகுதி. கூய்மன் 1960களின் தொடக்கத்தில் மெக்மர்டோ விரிகுடாவில், ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடித்த பனியில், எட்டும் தொலைவில் வேறு துளையோ வெடிப்போ இல்லாத இடமாகப் பார்த்து ஒரு துளை வெட்டி, அதன்மேல் ஒரு குடிலை நிறுத்தி, சீலை அதன் வழியே நீருக்குள் விட்டார். மூச்சுவிட வேறு இடம் இல்லாததால் சீல் தானாகவே அதே துளைக்குத் திரும்பி வரும். அதன் முதுகில் பொருத்திய கருவியைக் கழற்றிக்கொள்ளலாம். சமையலறையில் நேரம் பார்க்கும் சிறு கடிகாரப் பொறி, புகைபடிந்த கண்ணாடித் தட்டு, அழுத்தத்துக்கேற்ப அசையும் ஊசி ஆகியவற்றைக் கொண்டு செய்ததே அந்தக் கருவி. 1966இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் வெடெல் சீலின் மிக ஆழமான முக்குளிப்பு 600 மீட்டர், மிக நீண்டது 43 நிமிடம் என்று பதிவாகியிருந்தது. பின்னாளில் இவ்விரண்டு எண்களும் முறியடிக்கப்பட்டன. 80 நிமிடத்தைத் தாண்டிய முக்குளிப்புகளும் இன்று பதிவில் உள்ளன.

இந்த உச்சங்களைவிட 1980இல் கூய்மன் குழுவினர் வெளியிட்ட முடிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். சீல் துளைக்குத் திரும்பியதும் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 20 நிமிடத்துக்குள் முடிந்த முக்குளிப்புகளில், ஆக்சிஜன் போதாமல் தசை இயங்கும்போது சேரும் லாக்டிக் அமிலம் உயரவில்லை. அதைத் தாண்டியவற்றில் வேகமாக உயர்ந்தது. உயர்ந்துவிட்டால் அதைக் கரைக்க நெடுநேரம் ஓய்வு வேண்டும். ஒருமுறை ஒரு மணி நேரம் உள்ளே இருப்பதைவிட 15 நிமிடமாகப் பலமுறை போய்வந்தால் நீருக்கடியில் செலவிடும் மொத்த நேரம் அதிகமாகும். வெடெல் சீல்கள் இயற்கையில் அப்படித்தான் செய்கின்றன. அவற்றின் முக்குளிப்புகளில் மிகப் பெரும்பான்மை இந்த எல்லைக்குள்ளேயே முடிகின்றன.

13 பிப்ரவரி, சற்றுப் பின்

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. மிக ஆழமான முக்குளிப்பும் மிக நீண்ட முக்குளிப்பும் ஒன்றல்ல. இரைக்காக இறங்கும்போது வெடெல் சீல் செங்குத்தாக இறங்கி ஏறுகிறது. மிக நீண்டவை பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. பனிக்கடியில் பக்கவாட்டில் தொலைதூரம் போய், புதிய வெடிப்போ துளையோ இருக்கிறதா என்று தேடிவரும் பயணங்கள் அவை. ஆகவே கேள்வி கேட்டவர் சொன்ன துளைச் சிக்கல் கற்பனையல்ல. சீல் தன் உடலின் எல்லையைத் தொடுவது பசியால் அல்ல, மூச்சிடம் தேடும் கட்டாயத்தால்தான் என்பதற்கு இது நல்ல சான்று.

17 பிப்ரவரி

மூன்றாவது கூற்றான மூடி பற்றி. இதற்குச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வெடெல் சீல் உலகிலேயே மிகத் தெற்கில் குட்டி ஈனும் பாலூட்டி. மெக்மர்டோ விரிகுடா தெற்கு அட்சரேகை 77 பாகையைத் தாண்டிய இடம். அங்கே கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் பனியில், ஏற்றவற்றத்தால் உண்டாகும் வெடிப்புகளின் ஓரமாக இவை மூச்சுத்துளைகளை வைத்திருக்கின்றன. குளிர்காலத்தில் துளை மீண்டும் மீண்டும் உறைந்து மூடும். சீல் மேல்தாடையின் கோரைப்பற்களையும் வெட்டுப்பற்களையும் பனியில் பதித்துத் தலையை இருபுறமும் அசைத்து அராவி அதைத் திறந்து வைக்கிறது. அராவி அராவிப் பற்கள் தேய்கின்றன. பல் தேய்ந்த சீலால் துளையையும் காக்க முடியாது, இரையையும் சரியாகப் பிடிக்க முடியாது. இந்த இனத்தின் ஆயுளைக் குறைக்கும் காரணங்களில் பல் தேய்மானமும் ஒன்றெனக் கருதப்படுகிறது.

இவ்வளவு விலை கொடுத்து ஏன் பனிக்கடியில் இருக்க வேண்டும்? வடக்கே போனால் திறந்த கடல் இருக்கிறதே? பனிக்கடியில் ஓர்க்கா திமிங்கிலமும் சிறுத்தைச்சீலும் எளிதில் நுழைய முடியாது என்பது ஒரு விடை. அங்கே போட்டியின்றி உணவு கிடைக்கிறது என்பது இன்னொன்று. வெள்ளிமீன் எனப்படும் சிறு மீன் கூட்டங்களும், பெரிய பல்மீனும் அதன் இரைகள். துருவ மீன்களின் இரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களை ஆராய்ந்த ஆர்தர் டிவ்ரீஸ், தம் ஆய்வுகளின் தொடக்க ஆண்டுகளில், வெடெல் சீல்கள் துளைக்குக் கொண்டுவந்த பல்மீன்களையும் பயன்படுத்தியிருக்கிறார். மனிதர்கள் தூண்டிலால் எட்டச் சிரமப்பட்ட ஆழத்திலிருந்து சீல் அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்தது.

1999இல் ரேண்டல் டேவிஸ் குழுவினர், சீலின் தலையில் ஒளிப்பதிவுக் கருவியைப் பொருத்தி எடுத்த பதிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒரு காட்சியில் சீல் பனியின் அடிப்பரப்புக்கு வந்து, அதன் இடுக்குகளுக்குள் மூக்கால் காற்றுக் குமிழிகளை ஊதுகிறது. உள்ளே பதுங்கியிருந்த சிறு மீன்கள் வெளியேறியதும் பிடித்து விழுங்குகிறது. பனி மூடியாக மட்டும் இருந்தால் இது நடக்குமா? அது இரை பதுங்கும் இடம், சீல் அறிந்து வேட்டையாடும் நிலம். கடற்பனியின் அடியில் பாசி வளர்கிறது, இறால் போன்ற சிறு உயிரியான கிரிலின் குஞ்சுகள் அந்தப் பாசியை மேய்கின்றன. அந்தப் பனியை எடுத்துவிட்டால் மூச்சுவிடத் தடையில்லாத, ஆனால் இரை வேறு விதமாகப் பரவியிருக்கும் வேறொரு கடல்தான் மிஞ்சும்.

குட்டிகளையும் மறக்கக் கூடாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பனியின்மேல் பிறக்கும் குட்டி 25, 30 கிலோ இருக்கும். ஆறேழு வாரங்களில் தாய்ப்பாலால் ஏறத்தாழ 100 கிலோவை எட்டும். அத்தனை வாரங்களுக்கும் உடையாத ஒரு பனித்தளம் வேண்டும்.

18 பிப்ரவரி

பென்குயின் ஒப்பீட்டுக்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும். 2022 இறுதியில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்ததால், அங்குள்ள ஐந்து பேரரசப் பென்குயின் குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் தப்பவில்லை என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. நீர்புகா இறகு முளைக்காத குஞ்சு நீரில் விழுந்தால் பிழைக்காது. வெடெல் குட்டி பிறந்து இரண்டு வாரத்திலேயே தாயோடு நீரில் இறங்கப் பழகுகிறது. ஆகவே பனி சற்று முன்னதாக உடைவது இரண்டுக்கும் ஒரே அளவு கேடு என்று சொல்ல முடியாது. சீலுக்கான கேடு மெதுவாக, பால் குறைவதாலும் எடை குறைவதாலும் வரக்கூடியது. எனவே செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.

19 பிப்ரவரி

அதிகப் பனியும் கெடுதல் என்பதற்கு மெக்மர்டோவை ஒட்டிய எரிபஸ் விரிகுடாவிலிருந்தே எடுத்துக்காட்டு உண்டு. அங்கே 1968 முதல் வெடெல் சீல்களுக்கு அடையாள வில்லை பொருத்தித் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். பாலூட்டிகள் பற்றி உலகில் நடக்கும் மிக நீண்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று. 2000 மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து பி-15 என்ற மாபெரும் பனிமலை உடைந்து, அதன் துண்டுகள் ராஸ் தீவை ஒட்டி நின்றுவிட்டன. அலையும் நீரோட்டமும் தடைப்பட்டதால் விரிகுடாவின் பனி வழக்கம்போல ஆண்டுதோறும் உடைந்து வெளியேறாமல் பல ஆண்டுப் பனியாகத் தடித்தது. வெடிப்புகள் குறைந்தன; குட்டி ஈனத் தாய்கள் வருவதும் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையும் குறைந்தன. பனிமலைத் துண்டுகள் விலகிய பின் எண்ணிக்கை மீண்டது.

கேள்வி கேட்டவரின் எண்ணத்தில் பாதி சரி என்பதை இது காட்டுகிறது. வெடெல் சீலுக்குப் பனி வேண்டும். வெடிப்புள்ள, ஆண்டுதோறும் புதிதாகும் பனி வேண்டும்.

25 பிப்ரவரி

யானைச்சீல் பற்றி எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். இது என் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் நீண்டுவிடும்.

நான் கடல்நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மைப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். ஆய்வுக் கப்பலில் தென்முனைக் கடலுக்கும் போயிருக்கிறேன். அங்கே ஓர் இடத்தில் கப்பலை நிறுத்தி, கம்பிவடத்தில் கருவியை ஆழத்துக்கு இறக்கி மேலே எடுப்பதற்குள் மணிக்கணக்காகும். காற்று வலுத்தால் அந்த வேலையும் நின்றுபோகும். குளிர்காலத்தில் பனிக்குள் கப்பல் போவதே அரிது. தானாக மிதந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளும் பனிக்கடியில் மேலே வந்து செய்தி அனுப்ப முடியாமல் தவிக்கும். இந்தக் குறையை நிரப்பியது யானைச்சீல்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கருவியைச் சீலின் தலைமுடியில் ஒட்டிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் முடி உதிர்த்து முடிந்ததும் ஒட்டுவார்கள். அடுத்த ஆண்டு முடி உதிரும்போது கருவியும் விழுந்துவிடும். யானைச்சீல் கடலில் இருக்கும் காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை நீருக்கடியில் கழிக்கிறது: 400 முதல் 600 மீட்டர் ஆழத்துக்கு இருபது முப்பது நிமிடம் போய், இரண்டு மூன்று நிமிடம் மேலே மூச்சு வாங்கி, மறுபடியும் இறங்கும். இரவும் பகலும், மாதக்கணக்காக. அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கருவி ஆர்கோஸ் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பியாக வேண்டும். செய்தியின் அளவு மிகச் சிறியது என்பதால் முழுப் பதிவும் வராது. ஆழ வாரியாக இருபது புள்ளிகளுக்குள் சுருக்கியே வரும். முக்குளிப்பின் வடிவமும் நான்கைந்து திருப்புள்ளிகளாகச் சுருங்கும். சீல் இருந்த இடம் என்று கிடைக்கும் புள்ளி சில சமயம் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும். சீலின் தலைக்கு மிக அருகில் இருப்பதால் உப்புத்தன்மை அளவிலும் ஒரு நிலையான பிழை சேரும். இவற்றையெல்லாம் திருத்திய பிறகும் கையில் நிற்பது, வேறு எவ்வகையிலும் கிடைத்திருக்க முடியாத குளிர்காலப் பதிவு. இந்த வேலையை நான் மனமார விரும்பிச் செய்கிறேன்.

பலனைச் சொல்கிறேன். கிழக்கு அண்டார்க்டிகாவின் டார்ன்லி முனைக்கு அருகே கடற்பனி ஓயாமல் உருவாகி விலகும் ஒரு திறந்த நீர்ப்பரப்பு உண்டு. இத்தகைய பரப்பைப் பொலின்யா என்பார்கள். பனி உறையும்போது உப்பு நீரில் தங்கிவிடுவதால் அந்நீர் கனத்துக் கீழே இறங்கும். உலகப் பெருங்கடல்களின் அடியில் பரவும் குளிர்ந்த அடிநீரின் ஊற்றுகளில் இதுவும் ஒன்று என்பதை ஓஷிமா தலைமையிலான ஜப்பானியக் குழு 2013இல் நிறுவியபோது, நங்கூரமிட்ட கருவிகளின் அளவுகளோடு யானைச்சீல்களின் பதிவுகளும் சான்றாயின.

சீல்கள் அங்கே போவது நமக்காக அல்ல. குளிர்காலத்திலும் கரையோரப் பொலின்யாக்களில் இளம் யானைச்சீல்கள் தங்கி இரை தேடுவதை லாப்ரூஸ் குழுவினர் 2018இல் விவரித்தார்கள். மூச்சுவிட இடமும் உணவும் ஒருசேரக் கிடைக்கும் இடங்கள் அவை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கெர்கேலன் தீவிலிருந்து புறப்படும் ஆண்கள் பல அண்டார்க்டிகாவின் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய, ஆழம் குறைந்த கடலடி) வரை போய்க் கடலடியில் இரை தேடுகின்றன, குளிர்காலப் பனிக்குள்ளும் தங்குகின்றன. பெண்களோ பனி விளிம்பு வடக்கே நகர நகரத் தாமும் நகர்ந்து, ஆழ்கடலில் விளக்குமீன்களைத் தேடுகின்றன. விளக்குமீன்கள் இரவில் மேலேறிப் பகலில் கீழிறங்குவதால் சீல்களின் முக்குளிப்பும் பகலில் ஆழமாகவும் இரவில் சற்று மேலாகவும் அமைகிறது.

27 பிப்ரவரி

"சீல் எங்கே போனது என்று தெரிகிறது; அங்கே வயிறு நிறைந்ததா என்று எப்படித் தெரியும்?" என்பது மிக நல்ல கேள்வி.

யானைச்சீல்கள் இடையிடையே துடுப்பு அசைக்காமல் நீரில் சும்மா மிதந்து இறங்கும் முக்குளிப்புகளைச் செய்கின்றன. மெலிந்த சீல் வேகமாக அமிழும். கொழுப்பு ஏறிய சீல் மெதுவாக அமிழும், சில சமயம் மேலேயே மிதந்து வரும். இந்த வேகம் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், அது எந்தக் கடற்பகுதியில் கொழுத்தது, எங்கே இளைத்தது என்று கணக்கிடலாம். 2007இல் பியூவ் குழுவினர் இம்முறையால் தென்முனைக் கடல் முழுவதும் எந்தெந்த நீர்த்திரள்களில் சீல்கள் தேறுகின்றன என்று காட்டினார்கள். ஓர் இடத்தில் சீல் நெடுநேரம் இருந்தாலே அது நல்ல இடம் என்று கொள்வது தவறாக முடியலாம்; இரை அரிதாக இருப்பதாலும் அது அங்கே நெடுநேரம் தேடியிருக்கலாம். கொழுப்பின் கணக்கு அந்த ஐயத்தைப் போக்குகிறது.

2 மார்ச்

கருவி ஒட்டுவது கொடுமையாகாதா என்று ஒருவர் வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். கருவி ஏறத்தாழ அரைக் கிலோ. சுமப்பது நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள விலங்கு. மக்குவாரி தீவில் கருவி சுமந்த சீல்களையும் சுமக்காதவற்றையும் நெடுங்காலம் ஒப்பிட்டபோது எடை கூடுவதிலோ உயிர்பிழைப்பதிலோ வேறுபாடு தெரியவில்லை. இந்த முடிவைச் சிறிய இனங்களுக்கும் அப்படியே நீட்டக் கூடாது. ஒட்டும்போது மயக்க மருந்து கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. ஆகவே ஒவ்வொரு கருவியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் பொருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

5 மார்ச்

சரிபார்ப்பு வேலையில் நான் அடிக்கடி கண்ட ஒன்று. அடித்தளத்தில் இரை தேடும் சீலின் முக்குளிப்பு ஒரே ஆழத்தில் தட்டையாக முடியும்; தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். வரைபடத்தில் தரை 500 மீட்டரில் இருப்பதாகப் போட்டிருக்க, சீல் 700 மீட்டருக்குப் போயிருந்தால் தவறு வரைபடத்தில்தான் இருக்க வேண்டும், அழுத்தமானி சரியாக இருக்கும்வரை. 2023இல் மக்மஹன் குழுவினர் இந்த எளிய தருக்கத்தைப் பெரிய அளவில் செயல்படுத்தி, அண்டார்க்டிகக் கண்டத்திட்டின் கடலடி வரைபடத்தைத் திருத்தினார்கள். வின்சென்ஸ் விரிகுடாவில் அதுவரை அறியப்படாத, 2,000 மீட்டருக்கும் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று புலப்பட்டது. ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பலான நுயினா ஒலியலையால் அளந்து அதை உறுதி செய்தது. யானைச்சீலின் அறிவியல் பெயரான மிரௌங்காவும் கப்பலின் பெயரும் சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கின் பெயராயின. வெதுவெதுப்பான ஆழ்நீர் பனியாறுகளின் அடிக்குப் போகும் வழி இத்தகைய பள்ளங்கள்தாம் என்பதால், கடல்மட்ட உயர்வைக் கணிப்பவர்களுக்கு இது தேவையான செய்தி.

10 மார்ச்

இழையில் பலரும் "சீல்" என்று ஒரே இனம் இருப்பது போலப் பேசுவதால் இதை எழுதுகிறேன்.

நண்டுண்ணிச் சீல் நண்டு தின்பதில்லை. கிரிலையே பெரிதும் நம்பி வாழ்கிறது. அதன் பற்களில் உள்ள மடல்கள் மேலும் கீழும் பொருந்திச் சல்லடையாகி, நீரை வெளியே விட்டுக் கிரிலை நிறுத்திக்கொள்கின்றன. அதன் முக்குளிப்புகள் பெரும்பாலும் 100 மீட்டருக்குள், சில நிமிடங்களில் முடியும். கோடையில் அது இரவெல்லாம் இரை தேடி, நண்பகலில் மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் ஏறிப் படுக்கிறது. கப்பல் தளத்திலிருந்து நண்பகலில் பார்த்த நண்டுண்ணிகள் எங்களைக் கண்டு தலையை உயர்த்திவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டன. அவை இரவு முழுவதும் உழைத்துவிட்டுப் படுத்திருந்தவை என்பது பின்னர் பதிவுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்கே குளிர்காலத்தில் நடத்திய ஆய்வில் இந்த ஒழுங்கு மாறி, பகலில் ஆழமாக இறங்கின. 600 மீட்டரைத் தாண்டிய முக்குளிப்பும் பதிவானது. இரை எங்கே இருக்கிறதோ அங்கே போகும் விலங்கு அது. படுக்கப் பனிப்பாளமும் அதனடியில் கிரிலும் அருகருகே இருப்பது அதன் வாழ்வுக்கு அடிப்படை. பனி விளிம்பு கண்டத்திட்டைவிட்டு விலகினால் இவ்விரண்டும் பிரிந்துவிடும்.

ராஸ் சீல் இதற்கு நேர்மாறு. "பனிச்சீல்" என்று வகைப்படுத்தப்பட்டாலும், அண்டார்க்டிகாவின் குவீன் மாட் நிலத்துக்கு அப்பால் கருவி பொருத்திய ராஸ் சீல்கள் ஆண்டின் பெரும்பகுதியைப் பனிக்கு வடக்கே திறந்த கடலில் கழித்தன. குட்டி ஈனவும் முடி உதிர்க்கவும் மட்டுமே பனிக்குள் வந்தன. ஒரே பனிக்குறைவு இவ்விரு இனங்களையும் ஒரே விதமாகத் தாக்காது.

19 மார்ச்

வடதுருவத்தை விட்டுவிட்டோம் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. அங்கேதான் கேள்விக்கு மிகத் தெளிவான விடை இருக்கிறது.

வளையச் சீல் சிறியது. அதன் துளைக் கருவி பல்லன்று, முன்துடுப்பின் வலுவான நகங்கள். துளைக்கு மேலே குவிந்திருக்கும் பனித்தூவலைக் குடைந்து அறை அமைத்து அதற்குள் குட்டி ஈனுகிறது. தென்துருவத்தில் இல்லாத பகைவன் இங்கே உண்டு: பனிக்கரடி. அந்த அறையின் கூரை குட்டியைக் கரடியிடமிருந்து மறைக்கிறது, குளிரையும் தடுக்கிறது. இன்யூட் வேட்டையர் "அக்லு" என்று அழைக்கும் இந்தத் துளைகளின் அருகே அசையாமல் காத்திருந்து வேட்டையாடுவதைத் தலைமுறைகளாகக் கற்றவர்கள். எந்தத் துளை உயிரோடு இருக்கிறது, எது கைவிடப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். கடற்பனி தாமதமாக உறைந்தால் அதன்மேல் படியும் தூவல் மெலிகிறது. வசந்தத்தில் முன்கூட்டி மழை பெய்தால் கூரை இடிகிறது. துளை திறந்திருந்தும் குட்டிக்கு வீடில்லை.

நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் 2006இல் கடற்பனி திடீரெனக் குறைந்தது. அதற்கு முன்னும் பின்னும் வளையச் சீல்களுக்குப் பொருத்திய கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு 2015இல் ஹாமில்டன் குழுவினர் வெளியிட்ட முடிவு, இந்த இழையின் முதல் கேள்விக்கு ஏறத்தாழ நேரடி விடை. பனி விளிம்பை நோக்கிக் கடலுக்குள் போன சீல்கள் முன்னைவிட அதிகத் தொலைவு நீந்தின, அதிக நேரம் முக்குளித்தன, பனியின்மேல் குறைவாகவே ஓய்வெடுத்தன. மூச்சுவிடத் தடை குறைந்தது. உணவுக்குச் செலவிடும் உழைப்பு கூடியது. கரையோரத்தில் தங்கியவை கடலில் முடியும் பனியாறுகளின் முகப்புகளை விடாமல் பற்றிக்கொண்டன. அங்கே பனியாற்றுக்கடியிலிருந்து மேலெழும் நன்னீர் இரையைத் திரட்டித் தருகிறது. அந்தப் பனியாறுகளும் பின்வாங்கி நிலத்தின்மேல் ஏறிவிட்டால் அந்தப் புகலிடமும் போய்விடும். இதை எழுதும்போது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

20 மார்ச்

கேள்வி கேட்டவர் சொன்ன சென்ற ஆண்டுச் செய்தி சரியானதே: 2023 பிப்ரவரியில் அண்டார்க்டிகக் கடற்பனியின் பரப்பு ஏறத்தாழ 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குளிர்கால உச்சமும் 1.7 கோடியை எட்டவில்லை. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கிய பின் இரண்டுமே மிகக் குறைந்தவை.

24 மார்ச்

"அப்படியானால் எத்தனை சீல்கள் இருக்கின்றன, குறைகின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடலாமே" என்ற யோசனைக்கு. எண்ணியிருக்கிறார்கள். மிஷல் லாரூ குழுவினர் லட்சக்கணக்கான தன்னார்வலர்களின் துணையோடு, 2011 நவம்பரில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் வெடெல் சீல்களைத் தேடி, பெண் சீல்கள் ஏறத்தாழ 2,02,000 என்று 2021இல் மதிப்பிட்டார்கள். படத்தில் தெரிவது பனியின்மேல் படுத்திருப்பவை மட்டுமே. படம் எடுத்த வேளையில் எத்தனை பங்கு நீருக்கடியில் இருந்தது என்று தெரியாமல் மொத்தத்தைக் கணக்கிட முடியாது; அதற்கு முக்குளிப்புப் பதிவுகள்தாம் வேண்டும். பனி குறைந்து சீல்கள் நீரில் அதிக நேரம் இருக்கத் தொடங்கினால், எண்ணிக்கை குறையாமலே படத்தில் குறைந்தது போலத் தோன்றும். ஸ்வால்பார்டில் கண்டதை நினைத்துப் பார்த்தால் இது வெறும் ஊகமல்ல.

தரவுகளைத் தாமே பார்க்க விரும்புவோருக்கு: துருவம் முதல் துருவம் வரை கடற்பாலூட்டிகள் சேகரித்த பதிவுகளை எம்.இ.ஓ.பி. என்ற கூட்டமைப்பு இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. கெர்கேலனிலிருந்து புறப்பட்ட ஓர் ஆண் யானைச்சீலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதன் முக்குளிப்பு ஆழங்களைக் கடலடி வரைபடத்தோடும், பிறகு அன்றன்றைய பனி வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். இடப்புள்ளிகளின் தரக் குறியீட்டைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஐயம் வந்தால் கோப்பின் பெயரோடு இங்கே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.